தங்கவயலின் மரங்கள்: நலமும் வகையும்

சாலையோர வரிசை, வீட்டு முற்றத்து முருங்கை, பள்ளி மைதானத்து வேம்பு, கோயில் அரசு, மாதாகோயில் வளாகத்துத் தூங்குமூஞ்சி, ஏரிக்கரைப் புளி, ரயில் பாதையோரத்து உடைமரம் ஆகிய எல்லாம் சேர்ந்ததே ஓர் ஊரின் மரத்தொகுதி. ஒவ்வொரு மரத்துக்கும் உரியவர் வேறாக இருக்கலாம். அது தரும் நிழலும் குளிர்ச்சியும் தூசித் தடுப்பும் ஊருக்குப் பொது. அதனால் நகர மரவியல் இவற்றைத் தனித்தனி மரங்களாகப் பாராமல் ஒரே தொகுதியாக எடுத்துக்கொண்டு இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. மரங்கள் நலமாக இருக்கின்றனவா? ஒரு பூச்சியோ நோயோ வறட்சியோ வந்தால் எல்லாம் ஒருசேரப் போய்விடாத அளவுக்கு வகை வகையாக இருக்கின்றனவா?

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவது கடினமான வேலை. அங்கே மண்ணில் ஒரு பகுதி இயற்கை தந்தது. மறுபகுதி சுரங்கம் விட்டுச்சென்றது.

மூன்று வகை நிலம்

தங்கவயல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில், தமிழ்நாடு, ஆந்திர எல்லைகளுக்கு அருகில் இருக்கிறது. ஆண்டு மழை சராசரியாக 700 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் பெரும்பங்கு ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை பெய்துவிடும். டிசம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை மண் காய்ந்தே கிடக்கும். மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. பாலாறும் மழைக்காலத்து ஆறுதான்.

முதல் வகை நிலம் இப்பகுதிக்கே உரிய செம்மண். கருங்கல் பாறை நைந்து உண்டான இந்த மண் பல இடங்களில் ஆழம் குறைந்தது. கீழே பாறை தட்டும் இடத்தில் வேர் பக்கவாட்டில் ஓடுமே தவிர ஆழத்துக்குப் போகாது. இரண்டாம் வகை, சுரங்கத்திலிருந்து உடைத்து மேலே கொண்டுவந்து கொட்டிய கல். பல பழைய சுரங்கவாய்களைச் சுற்றி இதுதான் நிலம். கல் இடுக்குகளில் மண்ணும் நீரும் தங்குவது குறைவு. மூன்றாம் வகை, ஊர்க்காரர்கள் சயனைடு மேடு என்று சொல்லும் சாம்பல் நிறக் குன்றுகள்.

ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் 1880இல் இங்கே சுரங்க வேலையைக் கையில் எடுத்தது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்களை மூடியது. இடைப்பட்ட சுமார் 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கியது. தங்கம் தாங்கிய வெண்கல்லை ஆலையில் மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்துப் பிரித்தபின் எஞ்சிய பொடியை ஊருக்குள்ளேயே குவித்தார்கள். அப்படிச் சேர்ந்த 13 மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் கழிவுமணல் கிடக்கிறது.

பெயரில் சயனைடு இருந்தாலும், செடிக்கு இப்போது முதல் எதிரி அது அல்ல. வெயிலும் காற்றும் நுண்ணுயிரிகளும் சயனைடைக் காலப்போக்கில் பெருமளவு சிதைத்துவிடும். சிதையாமல் நிற்பவை வேறு. பாறையோடு வந்த ஆர்சனிக் போன்ற தனிமங்கள் அழிவதில்லை. கந்தகம் கலந்த கனிமங்கள் காற்றும் நீரும் பட்ட இடத்தில் அமிலத்தை உண்டாக்கும். இவற்றைவிட அடிப்படையான குறை, அந்தப் பொடியில் மட்கு இல்லை, தழைச்சத்து இல்லை, மண்புழுவோ பூஞ்சை இழையோ இல்லை என்பது. மழை பெய்தால் மேற்பரப்பு ஓடுபோல் இறுகிக்கொள்ளும். வெயிலில் கொதிக்கும். காற்றடித்தால் பறக்கும்.

பறப்பதிலும் இரண்டு விதம் உண்டு. மிக நுண்ணிய பொடி காற்றில் கலந்து வீடுகளுக்குள் போகும். சற்றுப் பெரிய மணிகள் தரையைத் தட்டித் தட்டிக் குதித்து ஓடும். அவற்றின் ஓட்டம் பெரும்பாலும் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் முடிந்துவிடும். புதிதாக நட்ட கன்றின் இளந்தண்டு இருப்பதும் அந்த ஓர் அடியில்தான். உப்புத்தாள் தேய்த்ததுபோல் தண்டின் தோல் ஒரு பக்கம் மட்டும் உரிந்து, கன்று காய்ந்துபோவதற்கு இதுவே காரணம்.

இழந்த காடும் வந்த மரங்களும்

இந்த வட்டாரத்தின் இயற்கைக் காடு இலையுதிர் வறண்ட காடு. புங்கன், வேம்பு, புரசு, ஆத்தி, இலுப்பை, நாவல், ஆல், அரசு ஆகியவை இந்த மழைக்கும் மண்ணுக்கும் பழகியவை. சுரங்கத் தொழில் காட்டை இரண்டு வகையில் தின்றது. சுரங்கத்துக்குள் கூரை தாங்க மரம் வேண்டியிருந்தது. நீராவி எந்திரங்களுக்கு எரிபொருள் வேண்டியிருந்தது. 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் வந்தபின்தான் கொதிகலன்களின் பசி குறைந்தது.

வெட்டிய காட்டுக்குப் பதிலாக ஊருக்குள் வந்தவை பெரும்பாலும் அலங்கார மரங்கள். மடகாஸ்கரிலிருந்து மயில்கொன்றை, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து தூங்குமூஞ்சி, தென்னமெரிக்காவிலிருந்து ஜகரண்டா, ஆஸ்திரேலியாவிலிருந்து சில்வர் ஓக்கும் தைலமரமும் என்று தென்னிந்திய நகரங்கள் பலவற்றிலும் நிற்கும் அதே கூட்டம்தான். துரைமார் பங்களாக்களுக்கு விசாலமான தோட்டங்கள் இருந்தன. தொழிலாளர் குடியிருந்த லைன்களில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருந்தது. மரம் வைக்க இடமில்லாத அந்தச் சந்துகளில் முருங்கையும் பப்பாளியும் கறிவேப்பிலையும் மட்டுமே இடம் பிடித்தன. ஊரின் நிழல் இன்றும் இப்படிச் சமமில்லாமல்தான் பரவியிருக்கிறது.

புங்கனை இந்த ஊரில் தமிழர் புங்கன் என்பார்கள், கன்னடர் ஹொங்கே என்பார்கள், தெலுங்கர் கானுக என்பார்கள். மூன்று மொழியிலும் வழக்குப் பெயர் உள்ள மரம் அந்த மண்ணில் நெடுநாள் வாழ்ந்தது என்று பெரும்பாலும் நம்பலாம். மயில்கொன்றைக்கும் ஜகரண்டாவுக்கும் அப்படிப்பட்ட பழம்பெயர்கள் இல்லை. அவை தீயவை என்று இதற்குப் பொருளல்ல. எந்த மரம் எங்கே எதற்கு என்று பார்த்து வைக்க வேண்டும் என்பதே பொருள்.

தைலமரம் கற்றுத்தந்த பாடம்

ஒரே மரத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதைக் கோலார் மாவட்டம் அனுபவத்தில் அறிந்திருக்கிறது. திப்பு சுல்தான் 1790ஐ ஒட்டிய ஆண்டுகளில் நந்தி மலையில் தைலமர வகைகளை நட்டதாக வரலாறு. நந்தி மலை 2007 வரை கோலார் மாவட்டத்தில் இருந்தது, இப்போது சிக்கபள்ளாபூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே நின்ற மரங்களின் வழியில் வந்ததுதான் மைசூர் கம் எனப்படும் கலப்பு வகை. 1980களில் கர்நாடகத்தின் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் நடந்தபோது, கோலார் விவசாயிகள் கேழ்வரகு விளைந்த மேட்டு நிலங்களில்கூட இதை நட்டார்கள். ஆடு மாடு கடிக்காது, ஆள் வைத்துக் காக்க வேண்டாம், ஆலைக்கு விற்றால் காசு. இந்த மூன்றும் போதுமானதாக இருந்தன.

நீரைப் பற்றிய சண்டை அப்போதே தொடங்கியது. பெங்களூரிலிருந்து கோலார் போகும் வழியில் உள்ள ஹொசகோட்டேயில் நீரியலாளர் இயன் கால்டர் குழுவினர் 1990களில் அளந்து பார்த்தார்கள். ஆழமான மண்ணில் நின்ற இளம் தைலமரங்கள், பெய்த மழையைவிட அதிகமான நீரைச் செலவிட்டன. வேர்கள் ஆண்டுக்கு ஆண்டு ஆழம் போய், முன்பு சேர்ந்திருந்த ஈரத்தையும் உறிஞ்சியதே காரணம். மண் ஆழமில்லாத வேறு இடங்களில் அதே மரம் உள்ளூர் இலையுதிர் காட்டைவிட அதிகம் குடிக்கவில்லை. ஒரு மரம் நீரைக் குடித்துத் தீர்க்குமா என்பது மரத்தைப் பொறுத்தது பாதி, அது நிற்கும் மண்ணைப் பொறுத்தது மீதி என்று இதிலிருந்து தெரிகிறது.

2000களின் தொடக்கத்தில் மற்றொரு அடி விழுந்தது. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே பெரிதான கரணைக் குளவி தென்னிந்தியத் தைலமரங்களில் பரவியது. இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் அது முட்டையிட்ட இடமெல்லாம் முண்டு முண்டாக வீங்கி, இளங்கன்றுகளின் வளர்ச்சி நின்றது. ஏக்கர் ஏக்கராக ஒரே மரம், அதிலும் ஒரே தாய்மரத்துக் குளோன் கன்றுகள் நின்றதால் குளவிக்கு விருந்து பரிமாறியதுபோல் ஆயிற்று. 2017இல் கர்நாடக அரசு மாநிலத்தில் புதிதாகத் தைலமரம் நடுவதற்குத் தடை விதித்தது.

வகை ஏன் வேண்டும்

அமெரிக்காவின் தேசிய மரத்தோட்டத்தில் பணியாற்றிய ஃபிராங்க் சாண்டமோர் 1990இல் ஓர் எளிய அளவுகோலைச் சொன்னார். ஓர் ஊரின் மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்தையும், ஒரே பேரினம் 20 சதவீதத்தையும், ஒரே குடும்பம் 30 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. இந்த எச்சரிக்கையின் அருமை 2002இல் டெட்ராய்ட் அருகே தெரிந்தது. ஆசியாவிலிருந்து வந்த மரகதநிற வண்டு ஒன்று அங்கே ஆஷ் மரங்களைத் துளைப்பது அப்போது கண்டறியப்பட்டது. அதற்குப்பின் வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் மடிந்தன. ஒரு தெரு முழுவதும் அந்த ஒரே மரத்தை வைத்திருந்த ஊர்களில் தெருவே மொட்டையாகிப்போனது.

இந்தியாவிலும் உதாரணங்களுக்குக் குறைவில்லை. 1988இல் சவுண்டல் மரங்களை ஒரு சாறுறிஞ்சும் பூச்சி தாக்கியது. 2005ஐ ஒட்டித் தென்னிந்தியாவுக்கு வந்த மற்றொரு கரணைக் குளவி கல்யாண முருங்கையை உருக்குலைத்தது. வேலிக்கும் மிளகுக்கொடிக்குமாக வைத்திருந்த அந்த மரம் பல ஊர்களில் மறைந்தேபோனது. எதுவும் அண்டாது என்று எண்ணப்பட்ட வேம்புக்கும் நோய் உண்டு. மழைக்காலத்திலும் அதன் முடிவிலும் கிளைநுனிகள் நெருப்பில் வாட்டியதுபோல் கருகித் தொங்கும் நோய்க்குக் காரணமான பூஞ்சை, 1990களில் கர்நாடகத்தில் அடையாளம் காணப்பட்டது. தேயிலைக் கொசு எனப்படும் பூச்சி கொழுந்தைக் குத்திச் சாறு உறிஞ்சும்போது இந்தக் கருகல் இன்னும் கூடுகிறது. நலமான வேம்பு கோடையில் மறுபடி தளிர்த்துவிடும். சிமென்ட்டுக்குள் வேர் நெரிபட்டு நிற்கும் வேம்பு அப்படி மீள்வது அரிது.

சாண்டமோரின் அளவுகோலில் இந்திய நகரங்கள் மூன்றாம் படியிலும் தடுக்கி விழுகின்றன. 100 மரங்கள் உள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். 30 புங்கன், 20 மயில்கொன்றை, 15 இயல்வாகை, 15 தூங்குமூஞ்சி, 10 சரக்கொன்றை, 10 வேம்பு. பார்ப்பவருக்கு ஆறு வகை மரம், ஆறு வகைப் பூ, தெரு வண்ணமயம். தாவரவியல் கணக்கில் வேம்பு நீங்கலாக 90 மரங்களும் அவரைக் குடும்பத்தவை. புளி, வாகை, பூந்தோட்டங்களில் நிற்கும் கொன்றை வகைகள் எல்லாம் அதே குடும்பம்தான். அழகுக்காகப் பல மரம் நட்டும் வீட்டுக்குள் ஒரே குடும்பமே குடியிருக்கிறது.

அவரைக் குடும்பத்து மரங்கள் வறண்ட மண்ணுக்கு ஏற்றவை என்பது பொதுவாகச் சரிதான். காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முண்டுகளில் பிடித்து மண்ணுக்குத் தரும் என்ற காரணம் மட்டும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. புங்கனும் தூங்குமூஞ்சியும் அப்படிச் செய்கின்றன. மயில்கொன்றை, புளி, சரக்கொன்றை ஆகியவற்றின் வேர்களில் அந்த முண்டுகள் உண்டாவதில்லை. மண்ணை வளமாக்கும் என்று நம்பி மயில்கொன்றை வைத்தால் நிழலும் பூவும் கிடைக்கும், உரம் கிடைக்காது.

தங்கவயலின் மழைக்கும் மண்ணுக்கும் தாங்கும் பிற குடும்பத்து மரங்கள் நிறைய. அகன்ற சாலைக்கு மருது, இலுப்பை, நாவல். நடுத்தரத் தெருவுக்கு மகிழம், பூவரசு, மரமல்லி. பூங்காவுக்கும் ஏரிக்கரைக்கும் ஆல், அரசு, அத்தி. லைன் வீடுகளின் முன்னால், மின்கம்பிக்குக் கீழே, பவழமல்லி போன்ற சிறு மரங்கள். நாவலும் தைலமரமும் ஒரே குடும்பம் என்பதால், தைலமரத் தோப்பு அடுத்திருக்கும் இடத்தில் அந்தக் கணக்கையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனத்தின் வகை போலவே வயதின் வகையும் தேவை. ஒரே ஆண்டில் நட்ட சாலை ஒரே காலத்தில் மூப்படையும். மயில்கொன்றையும் இயல்வாகையும் விரைந்து வளர்ந்து விரைந்து உளுத்துப்போகும் மரங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது பல்லாயிரம் மரங்கள் சாய்ந்தன. வேர் பிடிக்க இடமில்லாத நடைபாதைகளில் நின்ற இத்தகைய மரங்கள் அவற்றில் ஏராளம். ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக நட்டு, முதியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வந்தால் எந்த ஆண்டும் தெரு வெறுமையாகாது.

மரம் தரும் குளிர்ச்சி

பெங்களூரில் ஹரிணி நாகேந்திராவும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, மரம் உள்ள சாலைத் துண்டுகளையும் மரமில்லாத துண்டுகளையும் ஒப்பிட்டது. பிற்பகலில் மர நிழலில் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி செல்சியஸ் வரை குறைந்திருந்தது. தார்ச்சாலையின் மேற்பரப்பு வெப்பம் 27.5 டிகிரி வரை குறைந்திருந்தது. செருப்பில்லாமல் நடப்பவருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் இரண்டாவது எண்தான் உயிர்நாடி.

இந்தக் குளிர்ச்சியில் நிழல் ஒரு பங்கு. இலைகள் விடும் நீராவி மறுபங்கு. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். மின்சாரக் கணக்கில் அது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இலை இந்த வெப்பத்தை வெயிலிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. நீர் கிடைக்காத மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். அப்போது நிழல் மட்டுமே மிஞ்சும். ஆகவே மரத்தின் நலமே அதன் பயன்.

மரத்தின் உடல்நலம்

கன்றின் வாழ்வும் சாவும் முதல் மூன்று கோடைகளில் முடிவாகிவிடும். ஒரு மீட்டர் அகல ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு ஏரி வண்டலும் மட்கிய எருவும் கலந்து நிரப்புவது நல்ல தொடக்கம். பாறை தட்டும் இடத்தில் ஆழத்தைவிட அகலத்தைக் கூட்டுவது பயன் தரும். ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்று பலமாக இருக்கும், மழை விட்டு விட்டுப் பெய்யும். அப்போது நடும் கன்றுக்கு முட்டுக்கொம்பும் இடைவெளி நாட்களில் நீரும் தேவை. செப்டம்பர், அக்டோபர் மழை வருவதற்குள் வேர் பிடித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

கோடையில் நாள்தோறும் ஒரு குவளை ஊற்றுவதைவிட வாரம் ஒருமுறை 20 லிட்டர் ஊற்றுவது மேல். மேலாக நனைத்தால் வேர் மேலேயே தங்கிப் பழகிவிடும். ஆழ நனைத்தால் நீரைத் தேடிக் கீழே போகும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை சுமார் 20 வாரங்களுக்கு ஒரு கன்றுக்கு 400 லிட்டர். 1,000 கன்றுக்கு 4 லட்சம் லிட்டர், அதாவது 5,000 லிட்டர் டேங்கர் 80 நடை. இந்த நீருக்கும் வண்டிக்கும் பணம் ஒதுக்காமல் 1,000 கன்று நடுவது, நட்டவர் படம் எடுத்துக்கொள்ள மட்டுமே உதவும். அந்த அளவு நீர் இல்லையென்றால் 200 கன்று நடுவது சரியான கணக்கு.

பெரிய மரங்களுக்கு மனிதனே பெரும்பாலும் நோய். அடிமரத்தை ஒட்டி சிமென்ட் போட்டு மூடினால் வேருக்குக் காற்றும் நீரும் போகாது. ஒரு மீட்டர் சதுரமாவது திறந்த மண் விட வேண்டும். ஆணி, இரும்பு வளையம், விளம்பரத் தகடு ஆகியவை பட்டையைக் கிழிக்கின்றன. சர்க்கரை இறங்கும் குழாய்கள் பட்டையின் உள்ளடுக்கில்தான் இருக்கின்றன. பட்டையைச் சுற்றிலும் அறுத்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து சாகும்.

கிளை கழிப்பதிலும் முறை உண்டு. கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையம்போல் சற்றுப் பருத்த பகுதி இருக்கும். காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளரும். அந்த வளையத்துக்கு வெளியே ஒட்ட அறுத்தால் காயம் சில ஆண்டுகளில் மூடிக்கொள்ளும். முழம் நீளக் கட்டையை விட்டு அறுத்தால் அது உளுத்து உள்ளே பூஞ்சையை இறக்கும். பாரமான கிளையை முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்து, பிறகு சற்று வெளியே மேலிருந்து அறுத்து வீழ்த்தி, கடைசியாக மிச்சத்தை வளையத்தருகே அறுக்க வேண்டும். ஒரே வெட்டில் விட்டால் கிளை தன் பாரத்தில் தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு இறங்கும். மின்கம்பிக்காக மரத்தின் தலையை மொட்டையடித்தால் ஓராண்டில் அதே உயரத்துக்குப் பலமில்லாத குச்சிகள் கொத்தாகக் கிளம்பும். மறுபடி வெட்டும் வேலையும் வரும்.

எந்த அறிகுறிக்கு அஞ்ச வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்திருப்பது மருந்துச் செலவைக் குறைக்கும். புங்க இலையின்மேல் பச்சை விரல்கள் முளைத்தாற்போல் கொப்புளங்கள் நிறைய இருக்கும். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப் பேன் ஒன்று உள்ளே குடியிருக்க இலையே கட்டித்தந்த அறைகள் அவை. பார்க்க அருவருப்பாக இருந்தாலும் வளர்ந்த மரத்துக்கு அதனால் பெரிய கேடு இல்லை. மருந்தடிக்கத் தேவையில்லை. புல்லுருவி அப்படியல்ல. வேம்பு, மா, புங்கன் கிளைகளில் தடித்த இலையோடு, ஆரஞ்சு நிறக் குழாய்ப் பூவோடு தொங்கும் அது, தன் இலையில் உணவு செய்துகொண்டாலும் நீரையும் உப்பையும் மரத்திடமிருந்தே எடுக்கிறது. அதன் பழத்தைத் தின்னும் பூக்கொத்தி என்ற சின்னப் பறவை, பிசின்போல் ஒட்டும் விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். விதை அங்கேயே முளைக்கும். புல்லுருவி ஒட்டிய இடத்துக்கு ஒரு முழம் கீழே கிளையோடு அறுத்து எடுப்பதே வழி. இலையை மட்டும் பிய்த்தால் மறுபடி துளிர்க்கும்.

சயனைடு மேட்டருகே

மேட்டின் மேலேயே மரம் நட்டு மூடிவிடலாம் என்ற யோசனை இயல்பாக எழும். இரண்டு தடைகள் உண்டு. முதலாவது மண். மட்கில்லாத பொடியில் நேரடியாக மரம் வைத்தால் நிற்காது. முதலில் வெட்டிவேர் போன்ற ஆழவேர்ப் புல், அடுத்து நைட்ரஜன் பிடிக்கும் புதர்கள், அவை உதிர்த்த சருகு மட்கியபின் மரம் என்று படிப்படியாகப் போக வேண்டும். வண்டலும் சாணமும் வேர்ப்பூஞ்சையும் கலந்த குழி அந்தக் காலத்தைச் சுருக்கும். இரண்டாவது தடை நிலத்தின் எதிர்காலம். இந்த 13 மேடுகளில் மிஞ்சிய தங்கத்தை மீண்டும் எடுக்க, சுமார் 1,003 ஏக்கரில் வேலை செய்யும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. நாளை தோண்டப்படும் இடத்தில் இன்று மரம் வைப்பது வீண்.

ஆகவே மரத்துக்கு உகந்த இடம் மேட்டின் உச்சி அல்ல, மேட்டுக்கும் வீடுகளுக்கும் இடைப்பட்ட இயல்பான மண். மேடு மறுபடி தோண்டப்பட்டால் தூசி கூடும், தடுப்பின் தேவையும் கூடும். காற்றைத் தடுக்கச் சுவர்போல் அடர்ந்த வரிசை கூடாது. அதன் மேலேறிய காற்று மறுபக்கம் சுழன்று விழுந்து தூசியை அங்கேயே கொட்டும். பாதிக் காற்று வடிந்து போகும் அளவுக்கு இடைவெளி உள்ள வரிசை, தன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றின் வேகத்தைத் தணிக்கும். மேட்டுப் பக்கம் புதர், நடுவில் நடுத்தர மரம், வீட்டுப் பக்கம் உயர்ந்த மரம் என்று மூன்றடுக்கு நன்று. புங்கன், வேம்பு போன்ற பசுமை நீடிக்கும் மரங்கள் இங்கே பொருந்தும். காற்று பலமாக வீசும் மாதங்களில் இலையுதிர்த்து நிற்கும் மரம் இங்கே உதவாது. கழிவுமணல் படிந்த நிலத்தில் கனிமரமும் கீரையும் தீவனப்புல்லும் வேண்டாம். ஆர்சனிக் போன்றவை வேர் வழியாகவும் படியும் தூசி வழியாகவும் உணவில் சேரக்கூடும்.

கணக்கெடுப்பும் பொறுப்பும்

கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் 1976இல் வந்தது. மரம் வெட்ட மர அலுவலரிடம் அனுமதி பெற வேண்டும் என்றும், ஊரில் உள்ள மரங்களை மர ஆணையம் கணக்கெடுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. தங்கவயலில் நிலம் பல கைகளில் இருக்கிறது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்திடம் சுமார் 12,000 ஏக்கர் இருக்கிறது. மற்றவை பிஇஎம்எல் எந்திர ஆலை, நகரசபை, ரயில்வே, பள்ளிகள், கோயில்கள், தேவாலயங்கள் ஆகியவற்றின் கையில். ஒரே கணக்கேடு இல்லாதபோது ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்கு அதே புங்கனையும் அதே மயில்கொன்றையும் நடுவார்கள். ஊர் மொத்தத்தில் என்ன கூடிப்போனது என்று யாருக்கும் தெரியாது.

கணக்கெடுப்புக்குப் பெரிய கருவி வேண்டாம். மரத்தின் பெயர், நிற்கும் இடம், நெஞ்சளவு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டரில் சுற்றளவு, உச்சியில் காய்ந்த கிளை எத்தனை பங்கு, அடியில் சிமென்ட் உண்டா, மேலே கம்பி உண்டா. ஆறு கட்டங்கள் உள்ள ஒரு தாளும் தையல்காரர் நாடாவும் இருந்தால் பள்ளி மாணவர்களே ஒரு தெருவை அரைநாளில் முடித்துவிடுவார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை அதே தெருவை அளந்தால் எந்த மரம் நலிகிறது, எந்த இனம் பத்து சதவீதத்தைத் தாண்டுகிறது, அடுத்து என்ன நட வேண்டும் என்பதெல்லாம் தாளிலேயே தெரிந்துவிடும்.

1950இல் அப்போதைய மத்திய வேளாண் அமைச்சர் கே.எம். முன்ஷி தொடங்கிவைத்த வனமகோத்சவம் ஆண்டுதோறும் ஜூலை முதல் வாரத்தில் வருகிறது. அப்போது எத்தனை கன்று நடப்பட்டது என்ற எண் செய்தியாகிறது. ஊரின் மரக்கணக்கு எழுதப்பட வேண்டிய நேரம் அது அல்ல. நட்ட கன்று மூன்று கோடை தாண்டி அடுத்து வரும் ஜூனில் தளிர்விட்டு நின்றால், அன்றுதான் அந்த ஏட்டில் ஒரு மரம் கூட வேண்டும்.